வெயிலும் கருமணலும்: கிணற்று நீரின் பற்றீரியாக்களை ஒளியாற் கொல்லும் முறை

மருதமுனை, பாண்டிருப்பு, பெரியநீலாவணை முதலிய கரையோர ஊர்களிற் கிணறு தோண்டுதல் கடினமான வேலையன்று. நிலம் மணற்பாங்கானது, சில அடி ஆழத்திலேயே நீர் ஊறும். மாரிமழை மணலினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்பதே இந்நன்னீராகும். இவ்வளவு எளிதிற் கிடைக்கும் நீருக்கு ஒரு குறைபாடும் உண்டு. மழை எவ்வளவு விரைவாக மணலில் இறங்குகின்றதோ, ஏறத்தாழ அவ்வளவு விரைவாகவே மலகூடக் குழியின் கசிவும், மாட்டுப் பட்டியின் கழிவும், எருக் குவியலின் ஊறலும் இறங்கிவிடும். நீர் தெளிந்து காணப்படும், நாற்றமும் இராது, சுவையும் நன்றாயிருக்கும். ஆயினும் வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்கும் பற்றீரியாக்கள் அதில் இருத்தல் கூடும். கண்ணால் நோக்கி இதனை அறிய இயலாது.

மரக்கறி செய்கைபண்ணுவோருக்கு இவ்விடயத்தில் இருமடங்கு பொறுப்பு உண்டு. அவர்கள் இந்நீரைத் தாமும் பருகுகின்றனர். இதே நீரில் கீரைக் கட்டுகளைக் கழுவிச் சந்தைக்கும் அனுப்புகின்றனர். கத்தரியும் பயிற்றையும் அடுப்பில் வெந்த பின்னரே உண்ணப்படுவன. வல்லாரையும் பொன்னாங்காணியும் அவ்வாறல்ல. அவற்றைப் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துச் சம்பலாக உண்பதே வழக்கம். எனவே தோட்டத்துக் கிணற்றின் பற்றீரியா, அடுப்பைக் காணாமலே வேறொரு வீட்டின் குழந்தையை அடைதல் கூடும்.

சூரிய ஒளியையும் சில இயற்கைக் கனிப்பொருள்களையும் கொண்டு நீரிலுள்ள பற்றீரியாக்களை அழிக்கலாம் என்பது ஆராய்ச்சியாற் கண்ட உண்மையாகும். அக்கனிப்பொருள்களுள் முதன்மையானது நம் கிழக்குக் கரையிலேயே, புல்மோட்டைக் கருமணலில் அடங்கியுள்ளது. அங்ஙனமாயின் அம்மணலில் ஒரு சாக்கு எடுத்துக் கிணற்றில் இட்டாற் போதாதா என்னும் வினா எழுதல் இயல்பே. போதாது. ஏன் போதாதென்பதை விளங்கிக்கொண்டால், எது போதும் என்பதும் விளங்கும்.

ஒளி மட்டும் செய்யும் வேலை

வெயிலில் நெடுநாட் கிடந்த சாயத்துணி வெளிறிப்போதலைக் கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையில் அறியாதார் இலர். சாயத்தை அழித்தது வெப்பமன்று, ஒளியே. நிழலில் அதே வெப்பத்தில் வைத்த துணி அவ்வாறு வெளிறுவதில்லை. சாயத்தைச் சிதைக்கும் ஒளி உயிர்க்கலத்தையும் சிதைக்க வல்லது.

1877 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் இதனை முறையாகச் சோதித்தனர். பற்றீரியா வளரத்தக்க கரைசலைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு, சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை ஒளிபடாமல் மூடியும் வைத்தனர். மூடிய குழாய்கள் சில நாளிற் பற்றீரியா பெருகிக் கலங்கின. வெயிலில் நின்றவை தெளிந்தே இருந்தன. ஒளியின் நீலநிறப் பக்கமே வலியது என்பதையும், காற்றிலுள்ள ஒட்சிசன் இவ்வேலைக்குத் துணைசெய்கின்றது என்பதையும் அவர்கள் கண்டனர். நீலத்தையும் ஊதாவையும் கடந்து, கண்ணுக்குப் புலப்படாமல் வரும் கழியூதாக் கதிர்களே இவ்விடயத்திற் பெரும் பங்கு வகிக்கின்றன.

ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர், பெய்ரூத் நகரின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்திம் அக்ரா என்பாரும் அவருடன் உழைத்தோரும் இவ்வுண்மையை வீட்டுப் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தனர். வயிற்றோட்டம் கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்புச்சீனிக் கரைசலைத் தெளிந்த கலங்களில் இட்டு வெயிலில் வைத்துத் தூய்மையாக்கலாம் என 1980 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். 1991 ஆம் ஆண்டு தொடக்கம் சுவிற்சர்லாந்தின் ஈவாக் நீராராய்ச்சி நிலையம் இம்முறையை மேலும் சோதித்துப் பல நாடுகளிற் பரப்பியது. இதற்கு யாதொரு கனிப்பொருளும் வேண்டியதில்லை. தெளிந்த போத்தலும் வெயிலும் போதும். ஆயினும் இதில் ஒரு நலிவு உண்டு. ஒளியாற் காயப்பட்ட பற்றீரியாக்களுட் சில முற்றாக இறவாமல், நீரை இருளில் வைத்தவிடத்து மீண்டும் தேறிப் பெருகுதல் கூடும். கனிப்பொருளைத் துணையாகச் சேர்க்கும் எண்ணம் இவ்விடத்திலேதான் பயன் தருகின்றது.

ஊக்கி என்பது யாது

தான் செலவாகாமல் வேறொரு மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருளை ஊக்கி என்பர். வாய்க்கால் மதகு நீரைக் குடிப்பதில்லை; நீர் செல்லும் வழியைத் திறந்து விடுகின்றது. ஊக்கியும் அத்தகையதே. ஒளி பட்டவிடத்து மாத்திரம் தொழிற்படும் ஊக்கி ஒளியூக்கி எனப்படும்.

ஒளியூக்கியாகிய கனித்துணிக்கை ஒன்றின்மேல் தக்க ஒளி விழும்போது, அதனுள் நிலையாக இருந்த இலத்திரன் ஒன்று மேலெழும்புகின்றது. அது இருந்த இடம் வெறுமையாகி ஒரு துளை போல் நிற்கும். அத்துளை பக்கத்திலுள்ள நீரிலிருந்து இலத்திரனைப் பறித்து ஐதரொட்சில் என்னும் நிலையற்ற துணிக்கையை உண்டாக்குகின்றது. மேலெழுந்த இலத்திரனோ நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைச் சேர்ந்து, முடிவில் ஐதரசன் பேரொட்சைட்டைத் தோற்றுவிக்கின்றது. புண் கழுவுவதற்கு வைத்தியசாலையில் இடும், நுரைக்கும் மருந்து இதுவே. இவை யாவும் பற்றீரியாவின் மேலுறையைத் தாக்கிப் பிளக்கின்றன. உறை பிளந்த பற்றீரியா மீண்டும் தேறுவதில்லை.

இரண்டு விடயங்களை இங்கே கருத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, எல்லா ஒளியும் இவ்வேலையைச் செய்யாது. வரம்பின் உயரத்தை எட்டாத நீர் வயலில் எவ்வளவு பரந்து நின்றாலும் அடுத்த வயலுக்குப் பாயாது. ஒரு விரற்கடை உயர்ந்தவுடன் பாயும். ஒவ்வொரு கனிப்பொருளுக்கும் இத்தகைய வரம்பு ஒன்று உண்டு. அதனைத் தாண்டும் வலிமையற்ற ஒளி நாள் முழுதும் விழுந்தாலும் ஓர் இலத்திரனும் எழாது. இரண்டாவது, ஐதரொட்சிலின் ஆயுள் கண்ணிமைப் பொழுதினும் மிகமிகக் குறுகியது. தோன்றிய இடத்தை விட்டு அது தொலைவு செல்லமாட்டாது. ஆகவே பற்றீரியா கனித்துணிக்கையைத் தொட்டோ, அதற்கு மிக அணுக்கமாகவோ இருத்தல் வேண்டும். துணிக்கை கிணற்றின் அடியிலும் பற்றீரியா மேல்நீரிலும் இருப்பின் ஒன்றும் நிகழாது.

தைத்தேனியம்

இவ்வகையில் நன்கு ஆராயப்பட்டது தைத்தேனியமீரொட்சைட்டு என்னும் வெண்ணிறப் பொருளாகும். யப்பானில் ஃபூஜிஷிமா, ஹொண்டா என்னும் இருவர், இதனை நீரில் வைத்து ஒளி பாய்ச்சியபோது நீர் ஒட்சிசனும் ஐதரசனுமாகப் பிரிதலைக் கண்டு 1972 இல் வெளியிட்டனர். 1985 இல் அந்நாட்டு மட்சுனகாவும் அவருடன் உழைத்தோரும் பிளாற்றினம் சேர்த்த இதே பொருளைக் கொண்டு பற்றீரியாக்களைக் கொல்லலாம் எனக் காட்டினர். அதன்பின் இப்பொருளைப் பூசிய சுவரோடுகள் யப்பானிய வைத்தியசாலைகளிற் பதிக்கப்பட்டன. மெக்சிக்கோ நாட்டில், இதனைப் பூசிய கண்ணாடித் துண்டுகளை நீர்ப் போத்தலினுள் இட்டு வெயிலில் வைத்துச் சோதித்தனர். வெறும் வெயிலைவிட விரைவாகப் பற்றீரியாக்கள் அழிந்தன; அழிந்தவை பின்னர் தலையெடுக்கவுமில்லை.

இதனை ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சுவரிற் காணலாம். பல ஆண்டு வெயிலில் நின்ற பழைய வெண்மைப் பூச்சைக் கையால் தேய்த்தால் மாவு போன்ற தூள் கையில் ஒட்டும். பூச்சிலுள்ள தைத்தேனியமீரொட்சைட்டு வெயிலில் ஊக்கியாகி, தன்னைப் பிடித்து நிற்கும் பசைப்பொருளைத் தானே அரித்துவிட்டமை இதற்கு ஒரு காரணமாகும். இத்தொல்லையைத் தவிர்க்கவே பூச்சு உற்பத்தியாளர் இப்பொழுது அத்தூளின் ஒவ்வொரு துணிக்கைக்கும் மெல்லிய வேற்றுறை இடுகின்றனர். ஆதலாற் சுவர்ப்பூச்சை நீருக்கு ஊக்கியாகக் கருதுதல் தவறு. மேலும் அதிலுள்ள ஏனைய பொருள்கள் நஞ்சாவன.

தைத்தேனியமீரொட்சைட்டின் வரம்பு சற்றே உயர்ந்தது. 387 நனோமீற்றரிலும் குறுகிய அலைநீளமுள்ள ஒளியே, அதாவது கழியூதாக் கதிரே, அதன் ஒரு வகையைத் தூண்டும். நிலத்தை அடையும் வெயிலில் அத்தகைய கதிர் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு மாத்திரமே. எஞ்சிய பெரும்பங்கு வீணாகின்றது. ஆராய்ச்சியாளர் இன்றுவரை போராடிவரும் இடர் இதுவே.

புல்மோட்டைக் கருமணல்

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையிற் கருநிறமாகக் குவிந்து கிடக்கும் மணல் உலகறிந்த கனிப்படிவாகும். அதன் பெரும்பகுதி இல்மனைற்று. உரூத்தைலும் சிர்க்கோனும் குறைந்த அளவிற் கலந்துள்ளன. 1957 இல் இலங்கைக் கனிமணற் கூட்டுத்தாபனம் இதற்கென நிறுவப்பட்டது. லங்கா மினரல் சாண்ட்ஸ் என்னும் அரச கம்பனி இன்று அவ்வேலையை நடத்துகின்றது. மணல் தரம் பிரிக்கப்பட்டுப் பெரும்பாலும் அப்படியே வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றது. அதிலிருந்து ஆக்கிய வெண்தூள் பன்மடங்கு விலையிற் பூச்சாகவும் பிளாத்திக்காகவும் திரும்பி வருகின்றது. தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சிக் கரையிலும் இத்தகைய மணல் உண்டு. அம்பாறைக் கரையிலும் கனமணல் இருப்பதாக ஆய்வுகளிற் கண்டுள்ளனர். அதனை அகழ்தல் தகுமா என்பது பற்றிக் கரையோர மக்களிடையே எதிர்ப்பு உண்டு; கரையை அரிப்பினின்று காப்பதும் அதே மணலே என்பதை அறிந்தோர்க்கு அவ்வெதிர்ப்பு வியப்பன்று.

இம்மணலைக் கிணற்றில் இடுவதாற் பயன் இல்லாமைக்குக் காரணங்கள் பல. இல்மனைற்றில் தைத்தேனியம் இரும்போடு பிணைந்து நிற்கின்றது. அப்பிணைப்பில் ஒளியால் எழும் இலத்திரன் பெரும்பாலும் தன் துளையிலேயே உடனே வீழ்ந்துவிடும். வேலை ஒன்றும் நடவாது. இரும்பை நீக்கித் தூய வெண்தூளைப் பெறுவதற்குச் செறிந்த கந்தகவமிலம் போன்றவற்றைப் பயன்படுத்தும் பெருந்தொழிற்சாலை வேண்டும். அது வீட்டு முற்றத்திற் செய்யும் வேலையன்று.

துணிக்கையின் பருமனும் ஒரு காரணமாகும். பற்றீரியா துணிக்கையின் மேற்பரப்பைத் தொடல் வேண்டுமெனக் கண்டோம். மணற்பருக்கை ஒன்றின் குறுக்களவு மில்லிமீற்றரிற் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். ஆராய்ச்சிசாலையிற் பயன்படும் வெண்தூளின் துணிக்கை ஏறத்தாழ 25 நனோமீற்றர். ஒரே நிறையை எடுத்தால், தூளின் மேற்பரப்பு மணலின் மேற்பரப்பைவிடச் சுமார் 4,000 மடங்காகும். ஒரு சாக்கு மணல் செய்யாத வேலையை ஒரு தேக்கரண்டித் தூள் செய்வது இதனாலேயே.

எல்லாவற்றினும் மேலாகக் கிணற்றின் அடியில் வெயில் இல்லை. ஒளியூக்கிக்கு ஒளி இல்லையேல் அது வெறுங் கல்லே. இன்னும், கருமணலின் சில படிவுகளில் மொனசைற்று என்னும் கனிப்பொருளும் கலந்திருக்கும். பேருவளைக் கரையில் இது அறியப்பட்டதொன்று. கதிர்வீசும் தோரியத்தை உடைய இதனைக் குடிநீரோடு சேர்த்தல் அறிவுடைமையன்று.

சுத்திசெய்யப்பட்ட வெண்தூளையும் அப்படியே நீரிற் கலந்து பருகலாகாது. மிக நுண்ணியதாகையால் அது எளிதில் அடையாது. துணியால் வடித்தாலும் நில்லாது. அத்தூளை மூச்சோடு உள்ளிழுத்தல் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது என உலகச் சுகாதாரத் தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியுள்ளது. அதனை உணவிற் சேர்த்தலை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் தடைசெய்தது. ஆகவேதான் ஆராய்ச்சியாளர் தூளைக் கண்ணாடியிலும் ஓட்டிலும் சுட்டு ஒட்டவைத்துப் பயன்படுத்துகின்றனர்.

நிலத்திலிருந்து எடுத்தபடியே தொழிற்படும் கல்

தொழிற்சாலையில் ஆக்காத, இயற்கையில் உள்ளபடியே பற்றீரியாவைக் கொல்லும் கனிப்பொருள் உண்டா எனின், உண்டு. நாகத்தின் தாதுவாகிய ஸ்பலரைற்று அத்தகையது. நாகமும் கந்தகமும் சேர்ந்த இது, தூயதாயின் வெண்மையாகவே இருக்கும். அதன் வரம்பு தைத்தேனியமீரொட்சைட்டின் வரம்பினும் உயர்ந்தது. எனவே வெயிலில் அதிகம் பயன்படாது. ஆயின் சுரங்கத்திற் கிடைக்கும் கல் தூயதன்று. அதிற் கலந்துள்ள இரும்பு அதற்குப் பழுப்பு நிறம் ஊட்டுவதோடு, அவ்வரம்பை வெட்டித் தாழ்த்தியும் விடுகின்றது. இதனாற் கண்ணுக்குப் புலப்படும் சாதாரண ஒளியே அதனைத் தூண்டப் போதுமாகின்றது. சீனாவில் எடுத்த இத்தகைய கல்லைப் பொடித்து, பீக்கிங் பல்கலைக்கழகத்தினரும் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தினரும் சோதித்தனர். புலப்படும் ஒளியிற் சில மணி நேரத்தில் குடற்பற்றீரியாக்கள் அழிந்தமையை 2011 இல் வெளியிட்டனர்.

மாசு என்று கழிக்கத்தக்க இரும்பே இங்கு நன்மை செய்தது. இல்மனைற்றிலும் இரும்பு உண்டன்றோ, அது ஏன் நன்மை செய்யவில்லை எனலாம். அளவே காரணம். ஸ்பலரைற்றில் இரும்பு சிறு கலப்பு; இல்மனைற்றிலோ அது தைத்தேனியத்துக்குச் சமபங்காளி. உப்பு சிறிது இட்டாற் கறி சுவைக்கும். கறிக்குச் சமமாக இட்டால் உண்ண இயலாது.

எனினும் இக்கல்லும் கமக்காரர் கைக்கு இன்னும் வரத்தக்கதன்று. நாகத் தாதுவில் கட்மியம் என்னும் நஞ்சு இயல்பாகவே கலந்திருக்கும். ஒளியிற் கல் சிறிது சிறிதாகக் கரையுமாயின் அந்நஞ்சும் நீரை அடையும். பற்றீரியாவால் வரும் நோய் சில நாளில் தீரும். கட்மியம் சிறுநீரகத்தில் தங்கிப் பல்லாண்டு வருத்தும். இதனைத் தடுக்கும் வழி நிறுவப்படும் வரையில் இக்கல்லால் ஆய நீர்க்கருவி எதனையும் சந்தையில் யார் விற்பினும் வாங்கலாகாது.

கமக்காரர் இன்றே செய்யத்தக்கது

ஊக்கி இல்லாவிடினும் ஒளி உண்டு. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கிழக்குக் கரையில் வெயிலுக்குக் குறைவில்லை. வீட்டிலிருந்து தொலைவில் வயல்வாடியிலே தங்கிச் சிறுபோகம் செய்வோருக்கு விறகும் அடுப்பும் எப்பொழுதும் வாய்ப்பதில்லை. அவர்களுக்கு இம்முறை பெரிதும் உதவும்.

நிறமற்ற, தெளிந்த பிளாத்திக்குப் போத்தல்களைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். சோடா, குடிநீர் ஆகியவை அடைத்து வரும் மெல்லிய போத்தல்களே தக்கவை. அவை 2 இலீற்றருக்கு மேற்படலாகாது. பச்சை, பழுப்பு நிறப் போத்தல்கள் கழியூதாக் கதிரைத் தடுத்துவிடும். வெயிலில் நெடுநாட் கீறுபட்டு மங்கியவற்றையும் கழித்தல் வேண்டும். களைகொல்லியோ பூச்சிநாசினியோ இருந்த போத்தலை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது. இக்காரணத்தால் உயிரிழந்தோர் பல ஊர்களில் உண்டு.

நீர் தெளிந்திருத்தல் இன்றியமையாதது. நிரப்பிய போத்தலைச் செய்தித்தாளின் தலைப்பெழுத்துகளின்மேல் நிமிர்த்தி வைத்து, வாய்ப்பக்கத்தினின்று கீழ்நோக்கிப் பார்த்தல் வேண்டும். எழுத்தை வாசிக்க முடியுமாயின் நீர் போதிய தெளிவுடையது. முடியாவிடின் அடையவைத்து, மடித்த துணியால் வடித்துக்கொள்ளல் வேண்டும்.

போத்தலின் முக்காற்பங்கு வரை நீரை ஊற்றி, மூடி, 20 செக்கன் நன்கு குலுக்கி, பின் முழுவதும் நிரப்புதல் வேண்டும். குலுக்குவதாற் காற்றிலுள்ள ஒட்சிசன் நீரிற் கரையும். 1877 இலேயே கண்ட துணை இதுவே. பின்பு போத்தலை நிமிர்த்தி நிறுத்தாமல், நிழல் விழாத தகரக் கூரையிலோ, வரம்பில் விரித்த தகரத்திலோ கிடத்தி வைத்தல் வேண்டும். காலை 9 மணிக்கு வைத்தால் மாலை 3 மணிக்கு எடுக்கலாம். அதாவது 6 மணி நேரம். வானிற் பாதிக்கு மேல் முகில் மூடியிருப்பின் தொடர்ந்து இரண்டு நாள் வைத்தல் வேண்டும். நீர் 50 பாகை செல்சியசு வரை சூடேறினால் ஒளியும் வெப்பமும் ஒருங்கே தொழிற்பட்டு ஒரு மணி நேரத்திலேயே வேலை முடியும். ஆயின் வெப்பமானி இல்லாதவர் 6 மணி நேரத்தைக் குறைக்கலாகாது.

தேசிக்காய்ச் சாறு சிறிது சேர்த்தால் வெயிலின் கொல்லும் திறன் மிகுதல், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2012 இல் வெளியிட்ட சோதனையிற் காணப்பட்டது. தேசிக்காய் எளிதாகக் கிடைக்கும் தோட்டத்தில் அதனைச் சேர்த்துக்கொள்வதாற் கெடுதி இல்லை; ஆயின் அதனைச் சாட்டாகக் கொண்டு நேரத்தைக் குறைக்கலாகாது.

நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் அப்போத்தலிலேயே வைத்து, அன்றோ மறுநாளோ பருகிவிடுதல் நன்று. காயப்பட்ட பற்றீரியா தேறுவதற்கு இடங்கொடாமை இதன் நோக்கம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு போத்தலென வைத்து, இன்று பருகுவதற்கு ஒரு கூட்டமும் வெயிலுக்கு ஒரு கூட்டமும் இருத்தல் வசதியானது.

கீரை கழுவுதற்கு இம்முறை போதாது. அதற்கு வேண்டிய நீர் மிகுதி. வயற்கானிலும் வடிகாலிலும் கழுவுதலை அறவே விடுதல் வேண்டும். கட்டுச்சுவரும் சீமெந்துத் தளமும் உள்ள கிணற்று நீரிற் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறும் அளவிற் குளோரீன் இட்ட நீரில் இறுதியாக அலசுதல் தகும். மலகூடக் குழி கிணற்றுக்கு 50 அடிக்குள் இருத்தலாகாது. மணற்றரையில் இன்னும் விலகியிருப்பது நன்று. உக்காத பச்சைக் கோழியெருவைக் கீரைப் பாத்தியில் இட்டுவிட்டு நீரைக் குறைகூறுதல் பொருந்தாது.

வெயில் நீக்காதவை

ஒளி உயிரைக் கொல்லும். கரைந்த பொருளை நீக்காது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதிய கடற்கோளின்பின் உவர்த்த கிணறுகளை எத்தனை நாள் வெயிலில் வைப்பினும் உப்பு நீங்காது. யூரியாவை மிகுதியாக இடும் மணற்றோட்டங்களில் நைத்திரேற்று கிணற்றை அடைதல், கற்பிட்டிக் குடாநாட்டில் ஆய்ந்து கண்டவொன்று, அதுவும் வெயிலால் நீங்காது, காய்ச்சினாலும் நீங்காது. உரத்தை அளவறிந்து சிறிது சிறிதாகப் பிரித்து இடுவதே அதற்கு வழி.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியா வயற்சேற்றில் இருப்பது. கலங்கிய நீரில் ஒளி ஊடுருவாதாகையால் வெயில் அதனை முற்றாக அழிக்கும் என நம்பி வெறுங்காற் புண்ணோடு சேற்றில் இறங்கலாகாது. விதைப்புக்கும் அறுவடைக்கும் முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் டொக்சிசைக்கிளின் மாத்திரை பற்றிக் கேட்டறிதல் வேண்டும்.

பயிரின் பற்றீரியா நோய்கள்

மனிதனைப் போலவே பயிருக்கும் பற்றீரியாவால் நோய் வரும். நெல்லின் பற்றீரியா இலைவெளிறலும், தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் பற்றீரியா வாடலும் யாவரும் அறிந்தவை. அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் நுண்ணிய தைத்தேனியமீரொட்சைட்டுத் தூளைத் தக்காளி இலைகளில் தெளித்து, ஒளியில் அது இலைப்புள்ளி நோயின் பற்றீரியாவைக் கட்டுப்படுத்துதலை 2013 இல் வெளியிட்டனர். செப்பு மருந்துக்குப் பழகி இறவாமல் நிற்கும் பற்றீரியாவுக்கும் இது பயன்பட்டமையே அவ்வாராய்ச்சியின் சிறப்பு. இலை வெயிலில் நிற்பதால் ஊக்கிக்கு ஒளிக்குறை இல்லை. கிணற்றைவிட இலையே இதற்கு ஏற்ற இடமென்று கூறலாம்.

ஆயினும் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவுபெறாத எதனையும் பயிர்காப்பு மருந்தென விற்றலோ தெளித்தலோ ஆகாது. வாடல் நோய் வேரின் வழி வருவது. இலையிற் படும் ஒளி அதனைத் தொடாது. அதற்கு நாற்றுமேடையை வெயிலாற் சுடுதல் தக்க வழியாகும். மேடையை நன்கு கொத்தி நனைத்து, தெளிந்த பொலித்தீனால் இறுக மூடி, ஓரங்களில் மண் அணைத்து, கடும் வெயிற் காலத்தில் 4 தொடக்கம் 6 கிழமை விடுதல் வேண்டும். இஸ்ரவேல் நாட்டின் கட்டான் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1976 இல் வெளியிட்ட முறை இது. இங்கு கொல்வது ஒளியன்று, பொலித்தீனுள் அகப்பட்ட வெப்பமே. ஆதலாற் கறுப்புப் பொலித்தீனைவிடத் தெளிந்ததே நன்று.

மாரியில்

வெயில் முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. மிகவும் வேண்டிய காலத்தில் அது உதவாது. ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும். 2011 சனவரியில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் நிகழ்ந்ததுபோல் வெள்ளம் ஏறும் காலத்தில் மலகூடக் குழியும் கிணறும் ஒரே நீராகிவிடும். அப்பொழுது வானில் வெயில் இராது. தொடர்மழை நாள்களிற் போத்தலை வெளியில் வைத்து நம்பியிருத்தல் ஆபத்து. நீரைக் கொதிக்கவைத்தே பருகல் வேண்டும். விறகு நனையுமுன் சேமித்தலும், ஓட்டுக்கூரையில் விழும் மழைநீரை முதல் மழை கழிந்தபின் மூடிய பாத்திரத்திற் பிடித்தலும் புரட்டாதியிலேயே ஒழுங்குசெய்யத்தக்கவை.

வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரீன் இடுவது வழக்கம். உள்நாட்டுக் கிணற்றில் இதனை ஒரே மூச்சிற் செய்யலாம். கடலை அடுத்த மணற்கிணற்றில் அவ்வாறு செய்தலாகாது; பம்பியால் ஒரேயடியாக இறைத்தால், மேலே மிதக்கும் நன்னீர்ப் படை குறைந்து, கீழேயுள்ள உவர்நீர் கூம்புபோல் எழும்பிக் கிணற்றை அடையும். 2004 கடற்கோளின்பின் கிழக்குக் கரையில் மீண்டும் மீண்டும் இறைக்கப்பட்ட சில கிணறுகள் இவ்வாறு மேலும் உவர்த்தன. வாளியாலோ சிறு பம்பியாலோ காலையிற் சிறிது, மாலையிற் சிறிதென இறைத்து, ஒவ்வொரு முறையும் ஊற்று மட்டம் திரும்பும் வரை காத்திருத்தல் வேண்டும். நீர் தெளிந்ததும் குளோரீன் இட்டு, அதன் நெடி முற்றாகத் தணிந்த பின்னர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் தொற்றுநீக்கிய போத்தலில் மாதிரி எடுத்து, குளிரில் வைத்து, அன்றே ஒப்படைத்தல் வேண்டும்.